தனியே போனால் அலறும் படகு

பேய் பிசாசு சம்பந்தப்பட்ட விஷயங்களையும் விசாரிப்பீர்களா என்பதுதான் டொறத்தி கேட்ட முதல் கேள்வி.

லிட்கம் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஹலால் இறைச்சிக் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறை அலுவலகத்தில் சுரையாவிடம் பலர் பலவிதமான கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். கணவனைப் பின்தொடர முடியுமா, மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்க முடியுமா, பூட்டிய வீட்டுக்குள் தொலைந்த நகை கிடைக்குமா. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய் முதுகுவலிக்காரர்களைத் துரத்தி அலுத்துப்போய், அவள் சொந்தமாக லைசென்ஸ் எடுத்துத் துப்பறியும் தொழில் தொடங்கியதிலிருந்து பேயைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

அவளுடைய உதவியாளன் நஸ்மிதான் பதில் சொன்னான். அக்கரைப்பற்றுக்காரன். சிட்னியில் பல வருடம் டாக்ஸி ஓட்டிவிட்டு சுரையாவிடம் சேர்ந்தவன். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு, எதற்கும் அடங்காத வாய்.

"பிரச்சினையில்லை. பேய் எந்த சபர்ப்பில இரிக்கு எண்டு மட்டும் சொல்லுங்க. கார் பார்க் பண்ண இடம் பாக்கோணும்."

டொறத்தி சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கறுப்பு உடை. கண்ணுக்குக் கீழே தூங்காதவர்களுக்கு வரும் அந்தச் சாம்பல் நிறம். சுரையா நஸ்மியை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தேநீர் போடுகிற சாக்கில் நகர்ந்துகொண்டான்.

டொறத்தி சொன்னது இதுதான். அவள் கணவர் நொயல், மன்னார்ப் பக்கம் பேசாலையில் பிறந்தவர். மேற்கு சிட்னியில் பஸ் ஓட்டினார். வீடு பென்டில் ஹில்லில். சனிக்கிழமைகளில் விடியும்போதே படகை வண்டியில் கொளுவிக்கொண்டு ஹோக்ஸ்பரி ஆற்றுக்குப் பாஸ் மீன் பிடிக்கப் போய்விடுவார். தனியாகத்தான் போவார். போன வருடம், 2011 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, படகு மட்டும் நாணல் புதரில் ஒதுங்கிக் கிடந்தது. நொயலின் உடலை மறுநாள் பொலிஸார் எடுத்தார்கள்.

விபத்து என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அவரே குதித்திருப்பார் என்ற சந்தேகம் சொன்ன விதத்தில் தெரிந்தது. ஓடுகிற படகிலிருந்து தவறி விழுந்தவர் என்றால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். சாவி திருப்பி அணைக்கப்பட்டிருந்தது. மிதவைச் சட்டை போடாதவர்களைப் படகில் ஏறவே விடாத மனிதர் அவர். அவர் உடலில் மிதவைச் சட்டை இல்லை. படகிலும் இல்லை. மரண விசாரணை அதிகாரியின் கோப்பு இன்னும் மூடப்படவில்லை. தேவாலயத்தில் பூசை முடிந்து கை குலுக்க வருகிறவர்கள் டொறத்தியின் முகத்தைப் பார்க்காமல் போனார்கள்.

முதல் நாள் இரவு வீட்டில் சண்டை. மகள் அனோஜினி படிக்க மெல்பேர்ன் போக ஆசைப்பட்டாள். தாய் மறித்தாள். தகப்பன் மகளின் பக்கம். டொறத்தி சொல்லக்கூடாத வார்த்தைகளைச் சொன்னாள். காலையில் அவர் போகும்போது அவள் எழும்பவில்லை, தூங்குவதுபோல் கிடந்தாள். அடக்கம் முடிந்த கையோடு மகள் ஒரே ஒரு வசனம் சொன்னாள், நீங்கள்தான் அப்பாவைத் தள்ளிவிட்டது என்று. இப்போது அவள் மெல்பேர்னில். தாயின் அழைப்புகளை எடுப்பதில்லை.

"பேய்?" என்று சுரையா மெதுவாக நினைவுபடுத்தினாள்.

படகைக் கண்ணால் பார்க்க முடியாமல் ஜனவரியில் விற்றுவிட்டாள் டொறத்தி. பென்டில் ஹில் மளிகைக்கடைச் சுவரில் ஒட்டிய விளம்பரத்தைப் பார்த்துவிட்டு சிறிதரன் என்று ஒருவர் வந்தார். நாற்பது வயது, தனி ஆள், அதிகம் பேசவில்லை. உள்ளே இருந்த சாமான்களோடு அப்படியே கொண்டுபோனார். போன வாரம் திரும்பி வந்து வாசலிலேயே நின்று, ஒரு பூசை ஒப்புக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். தனியே போனால் படகு அலறுகிறதாம். வேகம் பிடித்ததும் ஒரு ஆள் குழறுகிற சத்தம், பிறகு விம்மல். கூட ஒருவரை ஏற்றிக்கொண்டு போனால் ஒரு சத்தமும் இல்லையாம்.

டொறத்தி கைப்பையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அவர் என்னைத்தான் கூப்பிடுறாரோ?"

தேநீரோடு வந்த நஸ்மி கோப்பையை வைத்துவிட்டு, தன் கதிரையில் போய் உட்கார்ந்தான்.

*

பென்டில் ஹில் வீட்டின் கராஜில் நொயலின் பொருட்கள் இன்னும் அவர் வைத்த இடத்திலேயே இருந்தன. தூண்டில்கள் சுவரில் வரிசையாக. பஸ் கம்பெனியின் நீலச் சட்டை ஒன்று ஆணியில். பின்சுவரில், தலைக்கு மேலே, ஓர் அலுமினிய ப்ரொபெல்லர் தொங்கியது. மூன்று இறக்கை. யாரோ துடைத்து வைத்ததுபோல் பளபளத்தது.

அது எதற்கு என்று சுரையா கேட்டாள். படகின் பழைய ப்ரொபெல்லர் அது, செப்டம்பரில் பாஸ் சீசன் திறந்ததும் புதிதாக ஒன்று மாற்றினார் என்றாள் டொறத்தி. பழையது பழுதாகிவிட்டதாம்.

சுரையா அதைக் கழற்றி எடுத்தாள். இறக்கைகளின் ஓரத்தில் விரலை ஓட்டினாள். கல்லில் பட்ட தழும்பு ஒன்றுகூட இல்லை. வளைவு இல்லை, வெடிப்பு இல்லை. நடுவில் இருந்த ரப்பர் வளையமும் உறுதியாக இருந்தது.

"இது செத்துப்போகல நஸ்மி. நல்லா இருக்கும்போதே ரிட்டயர் பண்ணியிருக்காங்க."

"எங்கட பஸ் கம்பெனியள் மாதிரி," என்றான் நஸ்மி.

நல்ல நிலையில் இருக்கும் ஒன்றை ஒரு பஸ் ட்ரைவர் ஏன் மாற்ற வேண்டும்? மனைவியிடம் ஏன் பழுதென்று சொல்ல வேண்டும்? சுரையா அதைக் கையோடு எடுத்துக்கொண்டாள்.

பென்ரித்துக்குப் போகும் வழியில் படகுச் சாமான் கடை ஒன்றில் விசாரித்தபோது, நொயல் ப்ரொபெல்லர் வாங்கியது அங்கேதான் என்று தெரிந்தது. கடைக்காரர் கிரெய்க் உதவத் தயாராக இருந்தார், ஆனால் விளக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர். சுரையாவுக்குப் புரிந்த அளவில் விஷயம் இது. ப்ரொபெல்லரில் பிட்ச் என்று ஓர் அளவு உண்டு. ஒரு சுற்றுச் சுற்றினால் படகை எத்தனை அங்குலம் முன்னே தள்ளும் என்கிற கணக்கு அது. பழையது பதினைந்து. நொயல் வாங்கிய புதியது பதின்மூன்று.

"அப்ப இது கியர்," என்றான் நஸ்மி. "பதினஞ்சு எண்டா மேல் கியர். வெறும் வண்டி, நேர் ரோட். பதிமூண்டு எண்டா கீழ் கியர். ஏர்போர்ட்டில இருந்து ஏழு சூட்கேஸோட ஒரு குடும்பம் ஏறினாப் போடுற கியர்."

அவன் என்ன சொன்னான் என்று கிரெய்க் ஆங்கிலத்தில் கேட்டு, மொழிபெயர்ப்பை ரசித்துத் தலையாட்டினார். கிட்டத்தட்ட அதேதான். பாஸ் படகுக்கு ப்ரொபெல்லர் தேர்ந்தெடுப்பது சட்டை தைப்பது மாதிரி, யார் போடப் போகிறார்கள் என்று தெரிந்தால்தான் அளவு எடுக்க முடியும். வழக்கமாக என்ன பாரம் ஏறுமோ அதை ஏற்றிக்கொண்டு முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சினின் சுற்று அதன் எல்லைக்குள் நின்றால் ப்ரொபெல்லர் பொருந்துகிறது. சுற்று குறைந்து எஞ்சின் திணறினால் பிட்சைக் குறைக்க வேண்டும். நொயலுக்கு வந்த சிக்கல் அதுதான். படகு பாரமாகிவிட்டது, தூக்கி எழும்ப மாட்டேன் என்கிறது, என்று சொல்லித்தான் வாங்கிப்போனார்.

அந்தப் பதின்மூன்றை மாட்டிவிட்டு, படகைப் பாரமில்லாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று கேட்டாள் சுரையா.

எஞ்சின் தறிகெட்டுச் சுற்றும், என்றார் கிரெய்க். அலறும். ஓர் எல்லையைத் தாண்டினால் எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே விட்டு விட்டு வெட்டும். முதல் தடவை கேட்கிறவர்களுக்கு அது நல்ல சத்தமாக இருக்காது.

"விம்முற மாதிரியா?"

கிரெய்க் யோசித்துவிட்டு, அப்படியும் சொல்லலாம் என்றார்.

*

வண்டிக்குள் வந்ததும் நஸ்மி ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். பேய் தீர்ந்தது, பேய்க்குப் பெயர் பதின்மூன்று பிட்ச், வீட்டுக்குப் போகலாம் என்பது அவன் கட்சி.

சுரையா சீட்பெல்ட்டைக் கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். பேய் தீரவில்லை. இப்போதுதான் படகில் ஏறியிருந்தது.

நொயல் தனியாக மீன் பிடிக்கப் போகிறவர். செப்டம்பரில் திடீரென்று படகு பாரமாகிவிட்டது. எந்தப் பாரம்? கூடுதல் பேட்டரியாக இருக்கலாம், பெரிய ஐஸ் பெட்டியாக இருக்கலாம் என்று நஸ்மி அடுக்கிப் பார்த்தான். ஆனால் சிறிதரன் வாங்கும்போது எல்லாம் உள்ளே இருந்தபடியே வாங்கினார். பேட்டரி இருக்கிறது, பெட்டி இருக்கிறது. இருந்தும் தனியே போனால் படகு காலியாக அலறுகிறது. ஒரு ஆள் ஏறினால் அமைதியாகிறது. அப்படியென்றால் படகிலிருந்து குறைந்துபோன பாரம் பேட்டரி அல்ல.

"அது கால் முளைச்ச பாரம் நஸ்மி. சனிக்கிழமை ஏறும், சனிக்கிழமை இறங்கிப் போயிடும். நொயல் ரெண்டு பேருக்குத்தான் ப்ரொபெல்லர் வாங்கியிருக்காரு."

நஸ்மியின் தாளம் நின்றது. அவன் மனம் எங்கே போனது என்று சுரையாவுக்குத் தெரிந்தது. அவள் மனமும் அங்கேதான் போயிருந்தது. மனைவியிடம் மறைத்து வாரா வாரம் ஒருவரைப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு என்ன காரணம் இருக்கும்?

"இதைக் கண்டுபிடிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தா அந்த மனிசிக்கு என்ன மிஞ்சும் ராத்தா?" என்றான். "பேய் எண்டே இரிக்கட்டுமே."

அந்தக் கேள்வி சுரையாவோடு வீட்டுக்கு வந்தது, சாப்பிட உட்கார்ந்தது, படுக்கையிலும் கிடந்தது. விசாரிக்க வேண்டாம் என்று ஒரு முறை முடிவு செய்தாள். பிறகு டொறத்தியின் கண்ணுக்குக் கீழே இருந்த சாம்பல் நிறம் நினைவுக்கு வந்தது. கணவர் தானே போய்ச் செத்தார், அதுவும் தன்னால் செத்தார் என்று நம்பிக்கொண்டு ஒருத்தி தூங்காமல் இருக்கிறாள். அதைவிட மோசமான உண்மை எதுவும் இருக்க முடியாது. நொயல் போன அன்று படகில் இன்னொருவர் இருந்திருந்தால், அந்த ஒருவருக்கு எல்லாம் தெரியும்.

காலையில் சிறிதரனுக்குப் போன் செய்தாள். படகின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றாள். ஓம் வாங்கோ, என்றார்.

*

ஹோக்ஸ்பரி ஆறு அன்று அசையாமல் கிடந்தது. வின்ட்சரைத் தாண்டிப் படகு இறக்கும் சாய்தளத்தில் வேறு யாரும் இல்லை. தண்ணீருக்கு மேலே மார்ச் மாதக் காலைப் பனிப்புகை. எதிர்க்கரை மரங்கள் அதில் பாதி கரைந்து நின்றன. எங்கோ ஒரு பறவை ஒரே குரலைத் திரும்பத் திரும்பக் கொடுத்தது.

சிறிதரன் ஒல்லியான மனிதர். சட்டையின் மேல் பொத்தான்வரை பூட்டியிருந்தார். படகை வண்டியிலிருந்து இறக்கும்போது கை பழக்கமாக வேலை செய்தது, ஆனால் கண் தண்ணீரில் படவே இல்லை. நொயலை முன்பு தெரியுமா என்று சுரையா சாதாரணமாகக் கேட்டாள். தெரியாது, கடையில் விளம்பரத்தைப் பார்த்துத்தான் வந்தேன் என்றார்.

நஸ்மி தொப்பியை மாட்டிக்கொண்டு யாரும் கேட்காமலே படகில் ஏறி, ஓட்டுகிறவர் இடத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். மீட்டர் எங்கே, ஏர்போர்ட்டுக்கா, பரமட்டாவுக்கா, என்று ஏதோ பேசிக்கொண்டிருந்தான். அவன் முதுகு புகைக்குள் பெரிதாகத் தெரிந்தது.

அப்போதுதான் அது நடந்தது. நடந்தது என்று சொல்ல முடியாத அளவுக்குச் சின்ன விஷயம். சிறிதரன் கயிற்றை அவிழ்த்தார். படகின் முன்முனைக்குப் போய் அதைத் தள்ளிவிட்டு, ஒரு காலை உள்ளே வைத்து, அப்படியே முன் இருக்கையில் போய் உட்கார்ந்தார். கயிற்றைச் சுருட்டிக் காலடியில் வைத்தார். வலது கை தானாகப் பக்கத்துக் கம்பியைப் பிடித்தது. முகம் முன்னே பார்த்தது, யாரோ எஞ்சினை எழுப்பக் காத்திருப்பதுபோல்.

இரண்டு மூச்சு நேரம்தான். பிறகு அவர் உடம்பு விறைத்தது. மெல்லத் திரும்பி நஸ்மியைப் பார்த்தார். அந்த முகத்தைக் கரையில் நின்ற சுரையா பார்த்தாள். பேயைக் கண்டவர் முகம் எப்படியிருக்கும் என்று அன்று அவளுக்குத் தெரிந்தது.

இந்த இரண்டு மாதமாகப் படகுக்குச் சொந்தக்காரர் அவர். ஓட்டுகிறவர் அவர். கால் மட்டும் அவரைப் பயணி இருக்கைக்குக் கொண்டுபோயிருக்கிறது.

சுரையா எதையும் கவனிக்காததுபோல் நஸ்மியை இறங்கச் சொன்னாள். முதலில் தனியே கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டுங்கள், கண்ணுக்கெட்டிய தூரத்தைத் தாண்ட வேண்டாம் என்று சிறிதரனிடம் கேட்டுக்கொண்டாள்.

படகு புகைக்குள் போனது. எஞ்சின் முனகியது, ஏறியது, இன்னும் ஏறியது. பிறகு அந்தச் சத்தம் வந்தது. காரணம் தெரிந்திருந்தும் சுரையாவின் கை மயிர் எழுந்து நின்றது. தொண்டை கிழிய ஒரு குரல், அது உச்சியில் உடைந்து, விட்டு விட்டு, மூச்சுக்குத் தவிக்கிற விம்மலாக ஆற்றின் மீது பரவியது. எதிர்க்கரை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. பறவை வாயை மூடிக்கொண்டது.

நஸ்மி வாய்க்குள் ஏதோ ஓதினான்.

சத்தம் சட்டென்று நின்றது. படகு திரும்பி வந்தது. சிறிதரனின் கன்னம் நனைந்திருந்தது. இப்போது நஸ்மியை முன் இருக்கையில் ஏற்றி அனுப்பினாள் சுரையா. அதே வேகம், அதே வளைவு. எஞ்சின் ஒரே சீராக உறுமியது, பூனை உறுமுகிற மாதிரி. சுற்றைக் காட்டும் முள் கிரெய்க் சொன்ன இடத்தில் அசையாமல் நின்றது என்று இறங்கியதும் நஸ்மி சொன்னான். தைத்துப் போட்ட சட்டைபோல். ஒரு பெரிய உடம்பும் ஒரு ஒல்லி உடம்பும்.

சாய்தளத்து விளிம்பில் சிறிதரன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள் சுரையா.

"ரெண்டு பேருக்கு வாங்கின ப்ரொபெல்லர் இது," என்றாள். "ஒருத்தர் நொயல். முன்னாடி உட்கார்ந்தவர் நீங்க. இல்லையா சிறிதரன்?"

அவர் மறுக்கவில்லை. மறுக்க வேண்டியிருக்குமோ என்று இத்தனை நாளும் பயந்தவர், அந்த வேலை இல்லாமல் போனதில் தோள் தளர்ந்தவராகத் தெரிந்தார். நிறுத்தி நிறுத்தித்தான் பேசினார்.

வன்னிப் போரின் கடைசி நாட்களில், கடல்நீரேரியைக் கடக்கும்போது மனைவியையும் மகளையும் பறிகொடுத்தவர் அவர். மகளின் கை தன் கையில்தான் இருந்தது என்பதை மட்டும் சொன்னார். இங்கே வந்த பிறகு வேலை இல்லாத நாட்களில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடுவார். கடைசி நிறுத்தம் வந்தாலும் இறங்க மாட்டார். அந்த பஸ்ஸை ஓட்டியவர் நொயல். ஒரு வாரம் பார்த்துவிட்டு, எட்டாம் நாள் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தம்பி மீன் பிடிக்க வாறீரோ, என்று கேட்டார்.

தண்ணீரைப் பார்க்கவே முடியாதவரை நொயல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குக் கொண்டுவந்தார். தன் கதையை வேறு யாருக்கும் சொல்லக்கூடாது என்று சிறிதரன் சத்தியம் வாங்கியிருந்தார். நொயல் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. பிடித்த மீனை எல்லாம் திரும்ப ஆற்றிலேயே விட்டார்கள். விடுவது சிறிதரனின் வேலை.

"அண்டைக்குப் பிள்ளைக்குப் பிறந்தநாள்," என்றார் சிறிதரன். "நான் அவருக்குச் சொல்லேல்ல. படகு ஓடிக்கொண்டிருந்தது. நான் இறங்கீட்டன்."

நஸ்மி தொப்பியைக் கழற்றினான்.

முன் இருக்கை காலியானதைக் கண்டதும் நொயல் எஞ்சினை அணைத்தார். அருகில் மனிதர் இருக்கும்போது ப்ரொபெல்லர் சுற்றக்கூடாது என்று அவர் எப்போதும் சொல்வாராம். சிறிதரன் தன் மிதவைச் சட்டையைக் கழற்றி விட்டிருந்தார். அது நீரோடு போய்விட்டிருந்தது. நொயல் தன் மிதவைச் சட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு குதித்தார். பிடித்துக்கொள் என்று அதைச் சிறிதரனின் நெஞ்சில் அழுத்தினார். கரையோர மரத்தின் வேர்வரை அவரைத் தள்ளிக்கொண்டு வந்தார். சிறிதரன் வேரைப் பிடித்த பிறகு திரும்பிப் பார்த்தால் ஆற்றில் ஒருவரும் இல்லை.

செத்துப்போகத் தயாராகத் தண்ணீரில் இறங்கியவர் கரையில் கிடந்தார். மாலையில் வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர் போய்விட்டார். இதை யாரிடம் போய் எப்படிச் சொல்வது? பாதை வரைக்கும் நடந்தார், ஏதோ ஒரு வண்டி ஏற்றிக்கொண்டது. அன்றிலிருந்து நடந்துகொண்டே இருக்கிறார்.

படகை ஏன் வாங்கினார் என்று சுரையா கேட்கவில்லை. அவரே சொன்னார். நொயல் அண்ணர் போன இடத்துக்கே தானும் போய்விடலாம் என்றுதான். ஒவ்வொரு முறை தனியே வந்தபோதும் அந்த இடத்தை நெருங்கி வேகம் எடுத்தால் படகு குழறியது. ஒவ்வொரு முறையும் திரும்பினார்.

நஸ்மி எழுந்து போய்ப் படகின் சாவியைக் கழற்றித் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். வந்து சிறிதரனின் முதுகில் தன் பெரிய கையை வைத்தான்.

"இனி நான் வராம நீங்க ஆத்துக்கு வரக்குடாது அண்ணன். எனக்கு நீந்தத் தெரியாது, அதையும் இப்பயே சொல்லிப்போட்டன்."

*

பென்டில் ஹில் வீட்டில் டொறத்தி குசினியில் அடுப்பருகே நின்றபடியே கேட்டாள். சிறிதரன் கதவருகே நின்று சொன்னார். எதையும் மறைக்கவில்லை, எதையும் தனக்குச் சாதகமாகவும் சொல்லவில்லை. வழியில் தன் அறையில் நிறுத்தி எடுத்துவந்த நொயலின் மிதவைச் சட்டையை மேசையில் வைத்திருந்தார். இதையெல்லாம் நாளை பொலிஸிலும் எழுதிக் கொடுப்பேன் என்றார்.

டொறத்தி கத்துவாள் என்று சுரையா எதிர்பார்த்தாள். அடித்தாலும் தடுக்கக்கூடாது என்று நஸ்மியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள். டொறத்தி சட்டையைத் தொட்டாள், அதன் பட்டையை ஒருமுறை நேராக்கினாள். அவளுக்குக் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"அண்டைக்கு என்னைப் பற்றி ஏதும் கதைச்சவரோ?"

"ஓம் அக்கா. ஆத்துக்குப் போற வழி முழுக்க உங்கட கதைதான். ராத்திரி நல்ல பேச்சு வாங்கினனான் எண்டு சிரிச்சவர். பிள்ளை மெல்பேர்ன் போனா மனிசி தாங்காது, அந்தப் பயத்திலதான் கத்துது, பின்னேரம் போய்ச் சமாளிப்பன் எண்டு சொன்னவர். நீங்க நித்திரை கொள்ளுற மாதிரி நடிச்சதும் அவருக்குத் தெரியும்."

டொறத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று சுரையாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அது அடங்க வெகுநேரம் பிடித்தது.

பிறகு முகத்தைக் கழுவினாள். மேசை மேல் கிடந்த போனை எடுத்தாள். மகளுக்குத்தான். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. டொறத்தி விடவில்லை. மறுபடி அடித்தாள். மறுபடியும். கடைசியில் அந்தப் பக்கத்தில் ஒரு களைத்த இளம் குரல் ஆங்கிலத்தில், என்னம்மா, வேலையில் நிற்கிறேன், என்றது.

"மகள், வைச்சிடாத. இஞ்ச ஒருவர் வந்திருக்கிறார். அப்பாவோட கடைசியா இருந்தவர். நீ அவரிட்டக் கேள்."

போனை நீட்டினாள். சிறிதரன் அதை வாங்கினார், காதில் வைத்தார். பிள்ளை, என்றார். அதற்கு மேல் குரல் வரவில்லை. அந்தப் பக்கம் அனோஜினி, ஹலோ, யார் நீங்கள், என்று தமிழில் கேட்பது எல்லோருக்கும் கேட்டது. அவர் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டார்.

டொறத்தி சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் பின்னால் வைத்தாள்.

"இருந்து கதையுங்கோ தம்பி," என்றாள்.